பழைய ஈ.சி.ஜி. தாளைத் தூக்கிப் போடாதீர்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் லெட்ஜர் எழுதியவன். நம் குடியிருப்பில் பைபாஸ், வால்வு ஆபரேஷன் என்று தேதி வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். "ஆஞ்சியோ, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு, அப்புறமும் எதுக்கு சார் ஈ.சி.ஜி.?" என்று கேட்கிறார்கள். விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று ஆஞ்சியோ காட்டும். இதயம் எவ்வளவு பலமாக இறைக்கிறது என்று எக்கோ காட்டும். உள்ளே ஓடும் மின்சார லைன் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது ஈ.சி.ஜி.

ஆபரேஷனுக்கு முன் அதில் என்ன பார்க்கிறார்கள்? நமக்கே தெரியாமல் முன்பு மாரடைப்பு வந்து போயிருந்தால் பல பேருக்கு அதில் தழும்பு தெரியும். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறதென்றால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து கூடுதல். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். வலது பக்க மின்பாதை ஏற்கெனவே அடைபட்டவருக்குத் தொடை வழியாக வால்வு வைத்தால், பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். இதயத் தசை அந்த நிமிடமே ரத்தமில்லாமல் தவிப்பது தெரிந்தால், அது தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷனாக இருக்காது, அவசரமாகிவிடும்.

இதை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிடுவதில்லை. வயது, சிறுநீரகம், சர்க்கரை, இதயத்தின் பலம் எல்லாம் சேரும். ஈ.சி.ஜி. நார்மல் என்றால் அடைப்பே இல்லை என்றும் அர்த்தமில்லை. இதை நம் ஆட்கள் அடிக்கடி தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. துடிப்பு சீராக இருந்தால், இரண்டு உச்சிகளுக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களை எண்ணி 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு வரும். நாலு கட்டம் என்றால் 75. காமர்ஸ் படித்தவனுக்குச் சட்டென்று பிடிபட்டது இதுதான்!

ஈ.சி.ஜி. சீக்கிரம் சரியானவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முள்ளாசரி ஆகியோர் 2012 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, மாரடைப்பு நோயாளியின் ஈ.சி.ஜி.யை அனுப்பிப் பார்க்கச் செய்தார்கள். ஆய்வில் 2,420 பேர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், ஏற்பாட்டுக்குப் பின் 14.2. வரதராஜன்பேட்டை மாதிரி ஊரில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள், முதல் ஈ.சி.ஜி. உடனே எடுக்கப்படட்டும்.

கடைசியாக ஒன்று. ஆபரேஷன் முடிந்தபின் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது புதிதா பழசா என்று சொல்ல முந்தைய தாள் வேண்டும். ஆனால் பல இடங்களில் அது ஏ.டி.எம். ரசீது மாதிரியான தாள். நாளாக ஆக வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள். முடியாவிட்டால் போனில் படம் பிடித்தாலும் போதும், பெயரும் தேதியும் படத்தில் விழ வேண்டும்.