நம்மூர் நகைச்சுவை

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

   

சென்ற ஆண்டு இதே மேடையில் யாம் ‘பழந்தமிழர் ஈகை’ என்னும் பொருள்பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். பேச்சு முடிந்தபின் முதியவர் ஒருவர் எம் கையைப் பற்றிக்கொண்டு, “ஐயா, மிக அருமை. இவ்வளவு அயர்ந்த தூக்கம் எனக்கு வாய்த்து ஆறு மாதமாயிற்று” என்று மனமாரப் பாராட்டினார். அதனாலேதானோ என்னவோ, இவ்வாண்டு நம் காரியதரிசி அவர்கள் வீடு தேடி வந்து, “பண்டிதரே, இம்முறை இலக்கணம் வேண்டா. எல்லோரும் சிரிக்கும்படி ஏதேனும் பேசுங்கள்” என்று கட்டளையிட்டார். இலக்கணம் வேண்டுவதில்லை என்றவர், அதனை ‘வேண்டாம்’ என்னாது ‘வேண்டா’ என்று வழுவின்றிச் சொன்னதே எமக்குப் பெருமகிழ்ச்சியாயிற்று.

ஆயினும் பழக்கம் விடுமோ? ஒரே ஒரு செய்தி மட்டும் இலக்கணத்திலிருந்து சொல்லிவிடுகின்றோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்து, அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அழுகை அதற்குப் பின்னரே வருகின்றது. அந்நகை பிறக்கும் வழிகள் நான்கு என்றும் அவர் கூறினார். பிறரை இகழ்வதனாற் பிறப்பது ஒன்று. சிறுபிள்ளைத்தனத்தாற் பிறப்பது ஒன்று. அறியாமையாலும் வெகுளித்தனத்தாலும் பிறப்பன ஏனை இரண்டு. இந்நான்கனுள் முதலாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடத்துப் பின்னர் மீள்வோம்.

இனி நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். திண்டைப் போலத் தோன்றும் கல்மலையின் அடியில் அமைந்தமையால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். வெளியூர் நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு, “திண்டு என்கின்றீர், சாய்ந்துகொள்ள முடியுமோ?” என்று வினவினார். “முழுப் பெயரையும் கேட்டபின் சாயுங்கள்” என்றோம். எம் வகுப்பில் இச்சொல்லைப் பிரித்தெழுதும்படி ஒரு முறை கேட்டபோது, மாணவன் ஒருவன் ‘தின்ற + கல்’ என்று எழுதிவைத்தான். காதைப் பிடித்து இழுத்துக் காரணம் கேட்டோம். “விடுதியில் சோறு உண்பவன் நான் ஐயா” என்றான். கையை எடுத்துவிட்டோம். புணர்ச்சி விதி பிழைத்தது, பொருள் பிழைக்கவில்லை.

வேலூரைப்பற்றி ஒரு வேடிக்கை வழக்கு உண்டு. கோட்டை உண்டு, அரசன் இல்லை. கோயில் உண்டு, மூர்த்தி இல்லை. ஆறு உண்டு, நீர் இல்லை. மலை உண்டு, மரம் இல்லை என்று அடுக்கிச் சொல்வர். வேலூரார் அதில் ஒன்றைப் பொய்யாக்கிவிட்டனர். கோட்டைக்குள் இருந்த சலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் இலிங்கம் எழுந்தருளியது. இப்பொழுது அவ்வழக்கை அப்படியே நம் ஊருக்குக் குடிபெயர்க்கலாம். நம் மலைமேற் கோட்டை இருக்கின்றது, ஆள்வார் இல்லை. அதன் உச்சியிற் கோயில் இருக்கின்றது; காளகத்தீசுவரரும் அபிராமியம்மையும் ஊருக்குள் இறங்கி வந்து அமர்ந்துவிட்டனர். குடகனாறு இருக்கின்றது, ஆண்டிற் பெரும்பகுதி மணலைத்தான் காணலாம். மலையோ வெறும் பாறை. நாலும் பொருந்துகின்றன. வேலூராரிடம் உரிமைத்தொகை கொடுத்தேனும் வாங்கத்தக்க வழக்கு அது.

கோட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1605 அளவில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கியதும், திருமலை நாயக்கர் வலுப்படுத்தியதும் ஆகிய கோட்டை அது. 1755இல் மைசூர்ப் படைத்தலைவராக ஐதர் அலி இங்கு வந்தார். பின்னர் நடந்தது கேளுங்கள். 1767இல் கும்பினியார் இதனைப் பிடித்தனர். 1768இல் ஐதர் மீட்டார். 1783இல் கும்பினியார் மறுபடியும் பிடித்தனர். 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தனர். 1790இல் மூன்றாம் முறை பிடித்தனர். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின்னரே அது அவர்களுக்கு நிலைத்தது. மூன்று முறை பிடித்து இரண்டு முறை விட்டது, நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கு அடகுக் கடைக்குப் போய்வருவதை ஒக்கும். பூட்டுக்குப் பேர்பெற்ற ஊரின் கோட்டை வாயில் இத்தனை பேருக்குத் திறந்ததே என்று ஏளனம் செய்வார்க்கு ஒரு விடை உண்டு: பூட்டுத் தொழில் இங்கே செழித்தது அதற்குப் பின்னர்த்தான். பட்ட பிறகு தோன்றிய அறிவு என்று வேண்டுமானாற் கொள்க.

மற்றொன்று புகையிலைபற்றியது. ஆங்கில நாட்டு ஆசிரியர் ஆர்தர் கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் 1887இல் வெளிவந்தது. கொலை நடந்த அறையிற் கிடந்த சாம்பலைக் கண்டு, கொலைஞன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அத்துப்பறிவாளன் துணிகின்றான். திருச்சிராப்பள்ளியார்க்குப் பெருமைதான். ஆனால் அச்சுருட்டுக்கு உதவிய புகையிலை விளைந்தது நம் திண்டுக்கற் பக்கத்து நிலங்களில். பயிர் நம்முடையது, பெயர் அவர்களுடையது. கொலைக் குற்றத்தில் நம் பெயர் அடிபடாமற் போனதற்கு மகிழ்வதா, உலகப் புகழ் கைநழுவியதற்கு வருந்துவதா என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும்.

தமிழில் நகைச்சுவை என்றால் காளமேகப் புலவரை விட்டுப் பேச இயலாது. பதினைந்தாம் நூற்றாண்டினர்; நினைத்த மாத்திரத்திற் பாடும் ஆசுகவி. ககர வரிசை எழுத்துக்களை மட்டுமே கொண்டு, காக்கையையும் கூகையையும் வைத்து அரசியல் நுட்பம் ஒன்றை ஒரு வெண்பாவில் அடக்கினார். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒப்புமை காட்டும் அவருடைய சிலேடை இன்னும் சுவையுடையது. பாம்பு எங்கே, எள் எங்கே? பாம்பு ஆடும், செக்கில் எள்ளும் ஆடும். பாம்பு குடத்திற்குள் அடங்கும். எள்ளின் நெய்யும் குடத்திற்குள் அடங்கும். முடிவில் ‘பிண்ணாக்கு’ என்று ஒரு சொல்லை வைத்தார். எள்ளுக்கு அது மாட்டுத் தீனி. பாம்புக்கோ பிளவுபட்ட நாக்கு. நல்லெண்ணெய்ச் செக்கைக் கண்ணாற் கண்டவர்க்கே இச்சுவை முழுதும் விளங்கும். இக்காலப் பிள்ளைகளுக்குப் பாம்பையும் விளக்க வேண்டியிருக்கின்றது, செக்கையும் விளக்க வேண்டியிருக்கின்றது. விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகின்றது.

புலவர்களைப்பற்றிய இத்தகைய கதைகளுள் பலவற்றை வீராசாமிச் செட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘விநோதரசமஞ்சரி’ என்னும் உரைநடை நூலாகத் தொகுத்தார். படிக்கத் தெவிட்டாதது. ஆயினும் அதனைச் சரித்திரம் என்று எண்ணிவிடலாகாது. வேறு வேறு நூற்றாண்டிற் பிறந்த புலவர்கள் ஒரே அவையிற் கூடிச் சொற்போர் புரியும் கதைகள் நம் நாட்டிற் பல உள. செவிவழிக் கதையைச் செவிக்கு விருந்தாக உண்க. தேர்வுத் தாளில் எழுதற்க. இதனை மாணவர்க்கன்றி, அவர்க்குக் கதை சொல்லும் பெரியோர்க்கே சொல்லுகின்றோம்.

இனி, சிரிப்புக்குரியதல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறவான். அவன் தந்தையார் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். ஒரு நாள் யாம், “என்னடா, உன் வாய்க்கும் உன் அப்பா பூட்டுப் போட்டு அனுப்பிவிட்டாரோ?” என்று கேட்டுவிட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிலேடை நன்றாக அமைந்தது என்று எமக்கும் உள்ளூர ஒரு பெருமிதம். அன்று முதல் அவனுக்குப் ‘பூட்டு’ என்பதே பெயராயிற்று. பள்ளி வாயிலிலும் அப்பெயர், தெருவிலும் அப்பெயர். பத்து நாள் கழித்து அவன் பள்ளிக்கு வருவது நின்றது.

அவ்வாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள், வினாத்தாள் வைத்திருந்த இரும்புப் பீரோவின் சாவி காணாமற்போயிற்று. தொங்கியதோ நம்மூர் மாங்காய்ப் பூட்டு. பணியாள் சுத்தியல் கொண்டு அடித்தார், அசையவில்லை. வேறு வழியின்றி அப்பையனின் தந்தையாருக்கே ஆள் அனுப்பினோம். அவர் வந்தார், நெளிந்து கிடந்த வளையத்தைப் பார்த்தார், மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கேட்பவர்போல் இருந்தார். சற்று நேரத்திற் பூட்டுத் திறந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார். புறப்படும்போது எம்மைப் பார்த்து, “அடித்தால் திறக்கிற பூட்டு எங்கள் பட்டறையிலே செய்வதில்லை ஐயா. பையனும் அங்கே வளர்ந்தவன்தான்” என்றார்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். அப்பையனிடம் பேசினோம். மறுநாள் வகுப்பிலும் எம் பிழையை எம் வாயாற் சொன்னோம். அதனால் உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. அவன் ஒரு வினாவிற்கு எழுந்து விடை சொல்ல அரையாண்டு சென்றது. ‘பூட்டு’ என்னும் பெயரோ அவனைவிட்டு முற்றும் நீங்கவே இல்லை. திண்டுக்கற் பூட்டுக்கு 2019இற் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரெல்லாம் பெருமை பேசிற்று. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுக்களோடு போட்டியிட மாட்டாமற் பட்டறைகள் மூடிவருவதைப்பற்றியும் பேசினார்கள். எமக்கு அச்செய்தியைப் படித்தபோது நினைவுக்கு வந்தது அந்தப் பையனின் முகம்.

இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் மாத வெளியீட்டிற் ‘சிரிப்புப் பகுதி’ ஒன்று வேண்டும் என்று இளைஞர்கள் விரும்பினார்கள். துணுக்குகளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை பிற சமூகத்தாரைப்பற்றிய கேலிகள். ஒருவன் கருமி, ஒருவன் முரடன், ஒருவன் பேராசைக்காரன், ஒருவன் அறிவிலி என்று சாதிக்கு ஒரு முத்திரை. அவற்றை யாம் வெளியிடவில்லை. சிலர்க்கு எம்மேல் வருத்தம். “விளையாட்டாகச் சொல்வதுதானே?” என்று கேட்டார்கள். விளையாட்டுத்தான். நம்மைப்பற்றியும் அப்படி ஒரு விளையாட்டு மொழி பிறர் வீட்டுத் திண்ணைகளில் வழங்குகின்றது. உங்களுள் முதியோர் பலரும் அதனை அறிவீர்கள். இப்பொழுது இம்மேடையில் அதனைச் சொல்லிக்காட்டினால் இங்கே யார் சிரிப்பார்?

பாருங்கள், அவையில் ஓசையே இல்லை. சொல்லவும் இல்லை; அதற்குள் இப்படி. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் முதலாவதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அப்படியானால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? அதற்கு இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் வழிகாட்டினார். 1680இற் பிறந்து 1747இல் மறைந்த அப்பெரியார் செய்த ‘பரமார்த்த குருவின் கதை’யை, பாபிங்டன் என்பவர் 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் குருவும் ஆற்றைக் கடந்தபின், ஒருவன் எல்லோரையும் எண்ணினான், ஐவரே தேறினர். தன்னை எண்ண மறந்தான். ஒருவனை ஆறு விழுங்கிற்று என்று எல்லோரும் அழுதார்கள். வழிப்போக்கன் ஒருவன் கூலி பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணச் செய்த பின்னரே கணக்கு நேராயிற்று.

இதனைப் படித்துச் சிரிக்கும் நாம் வேறல்லோம். சென்ற மாதம் செயற்குழுவில் ஆண்டுச் சந்தா செலுத்தாதவர் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தோம். குழுவினர் பதினொருவர். ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துப் பத்துப் பேர் என்றோம். பொருளாளர் மட்டும் பதினொன்று என்றார். முதுகில் அடித்து எண்ணுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கின்றோம். கூலி சந்தாவிலிருந்து கொடுக்கப்படும், சந்தா வந்தால்.

கலைமகள் ஆசிரியராக விளங்கிய கி. வா. ஜகந்நாதன் அவர்கள் (1906–1988) இவ்வகையில் வல்லவர். அவர் சென்ற மோட்டார் வண்டி வழியில் நின்றுவிட்டதாம். உடன் வந்தோர் இறங்கித் தள்ளினர். அவரும் கை கொடுக்க வந்தார். முதுமை கருதி வேண்டா என்று தடுத்தார்கள். அவரோ, தம்மைத் ‘தள்ளாதவர்’ என்று எண்ணிவிட்டார்களோ என்று கேட்டாராம். இருபொருளும் அவர் தலைமேலேயே விழுகின்றன. பிறர்மேல் ஒரு துளியும் தெறிக்கவில்லை. பலர் வாய்வழிக் கேட்டதே எனினும் இதனைத் திரும்பத் திரும்பச் சொல்ல எமக்கு அலுப்பதில்லை.

ஆதலின் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நும் பாட்டியர் சொன்ன விடுகதை, வேடிக்கை வழக்கு, பட்டப்பெயர் அல்லாத எதுவாயினும், தாளில் எழுதி எமக்கு அனுப்புங்கள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு விதம், நத்தத்துப் பக்கம் ஒரு விதம், பழனிப் பக்கம் வேறு விதம் என்று ஒரே விடுகதை உருமாறி வழங்குவதை யாம் கேட்டிருக்கின்றோம். அவற்றை ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம். எழுத்துப்பிழை பாரோம், பார்த்தாலும் சொல்லோம்.

காரியதரிசி அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகின்றார். பந்திக்கு இலை போட்டாயிற்றாம். சென்ற ஆண்டு உறங்கிய பெரியவர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கின்றார். இம்முறை கண் கொட்டாமல் விழித்திருக்கின்றார். அது எம் பேச்சின் சிறப்பாலா, சமையற்கட்டிலிருந்து வரும் சீரகச் சம்பாவின் மணத்தாலா என்பதை உண்டு முடித்தபின் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.