அட்ரஸைச் சத்தமா சொல்லு

தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கம். அதைத் தாண்டினா ஓ.எம்.ஆர். பக்கம் செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகள்ல இருந்து அப்புறப்படுத்தினவங்களை அரசு குடியேத்தின இடங்கள். அங்க வளர்ற பசங்க பலர் இன்டர்வியூல ஏரியா பேரைச் சொல்லத் தயங்குறாங்க. சொன்னா வேலை கிடைக்காதுன்னு பயம்.

ஹிப் ஹாப் இதுக்கு நேர் எதிர். 1973ல நியூயார்க்கோட பிராங்க்ஸ்ல பிறந்த கலை. ஏரியா பேரைச் சொல்றதே அதுல கெத்து. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில ஏத்தினாங்க. அந்தக் குழுவுல பாடின அறிவு, இடஒதுக்கீட்டைப் பத்திக் கூச்சமே இல்லாம ராப் பண்ணார்.

மைக் கிடைச்சா பசங்க அட்ரஸைச் சத்தமா சொல்லிடுவாங்க. அதே அட்ரஸ் ரெஸ்யூமேல வரும்போது, இன்டர்வியூ எடுக்குற நாம என்ன பண்ணப்போறோம்?