பார்க்கக் கற்றுக்கொள்ளும் வயது



பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் குணமாக்கிய நிகழ்ச்சியை மாற்கு மட்டும்தான் நமக்கு எழுதிவைத்திருக்கிறார். ஒரே சொல்லில் முடிந்த புதுமை அல்ல அது. முதல் தடவை கை வைத்தபோது அந்த மனிதருக்குக் கண் திறந்தது. ஆனால் எதிரே நடமாடிய ஆட்கள் அவருக்கு மரங்களாகத் தெரிந்தார்கள். இரண்டாம் முறை கை வைத்த பிறகே எல்லாம் தெளிந்தது. கண் திறந்த பின்னும் பார்வை தெளிய இன்னொரு படி தேவைப்பட்டது. அந்த இரண்டாம் படியைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். அதற்காக உங்களை அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு அழைத்துப் போகிறேன்.

அந்த நகரில் 1872-ஆம் ஆண்டு, உழைப்பாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஆல்பர்ட் பார்ன்ஸ். இருபது வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர், மருந்து தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். ஹெர்மன் ஹில்லே என்ற ஜெர்மானிய வேதியியலாளரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த மருந்து ஆர்ஜிரோல். வெள்ளி கலந்த கிருமிநாசினி அது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் குழந்தை பார்வை இழந்துவிடாதபடி, பிறந்தவுடன் அதன் கண்ணில் இந்த மருந்தைச் சொட்டு விடுவார்கள். அந்தச் சொட்டு மருந்தில் வந்த பணத்தில்தான் பார்ன்ஸ் ஓவியங்கள் வாங்கினார். 1912-இல் தம் பள்ளித் தோழரான ஓவியர் வில்லியம் கிளாக்கன்ஸிடம் 20,000 டாலரைக் கொடுத்துப் பாரிஸுக்கு அனுப்பினார். அவர் வாங்கிவந்த 33 படைப்புகளில், வான்கோ வரைந்த தபால்காரர் படமும் ஒன்று. நீலச் சட்டை, பித்தளைப் பொத்தான்கள், இரண்டாகப் பிரிந்து சுருளும் தாடி, பின்னால் பூக்கள். நாள்காட்டிகளில் எங்காவது நீங்கள் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

பணக்காரர் படம் வாங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் அந்தப் படங்களைத் தம் தொழிற்சாலைச் சுவரில் மாட்டினார் என்பதுதான் சேதி. அங்கே வேலை செய்தவர்கள் கறுப்பின ஆண்களும் வெள்ளையினப் பெண்களும். அதிகம் படிக்காதவர்கள். ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம். அதில் இரண்டு மணி நேரத்தை வகுப்புக்கென்று ஒதுக்கினார். மருந்துப் புட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தொழிலாளர்கள் உளவியலும் தத்துவமும் படித்தார்கள். சுவரிலிருந்த ஓவியத்தைப் பார்த்து, தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், விவாதித்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. இதை நம் ஊர் முதலாளிகள் சற்றே காதில் வாங்கிக்கொள்ளலாம்.

பார்ன்ஸும் படிக்கப் போனார். 1917-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியரின் வகுப்பில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 45. அந்த வயதில் பெஞ்சில் உட்கார ஒரு பணிவு வேண்டும். மற்ற இடங்களில் அவ்வளவு பணிவானவர் என்று பெயர் எடுத்தவர் அல்லர்; பெரும்புள்ளிகள் படங்களைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினால், காரமான பதில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆசிரியர் முன்னால் மட்டும் மாணவராகவே இருந்தார். 1922-இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். சட்டப்படி அது கல்வி நிறுவனம். கல்விப் பொறுப்பை முதலில் ஏற்றவர் அதே டூயி. 1925-இல் நகருக்கு அருகே மெரியன் என்ற இடத்தில் கட்டடம் திறக்கப்பட்டது.

ரெனுவாரின் 181 ஓவியங்கள், செசானின் 69, மத்தீஸின் 59 என்று அங்கே குவிந்திருக்கின்றன. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் விளக்க அட்டை கிடையாது. படங்களுக்கு நடுநடுவே பழைய இரும்புக் கீல்கள், பூட்டுத் தகடுகள், கரண்டிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கீலின் வளைவும் பக்கத்துப் படத்திலுள்ள பெண்ணின் தோள் வளைவும் ஒன்றுபோல இருப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பு எப்படி நடக்கும்? ஒரு படத்தின் முன் உட்காருவார்கள். ஓவியர் எங்கே பிறந்தார், படம் என்ன விலை போகும் என்பதெல்லாம் முதல் கேள்வி அல்ல. ஒளி எங்கே விழுகிறது? கோடு எந்தப் பக்கம் இழுக்கிறது? எந்த நிறம் எதோடு பேசுகிறது? ஆட்களுக்கு இடையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது? ஒளி, கோடு, நிறம், இடம்: இந்த நான்கையும் வைத்துத்தான் பேச வேண்டும். ‘பிடித்திருக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்பது பதிலாகாது.

செசான் வரைந்த சீட்டாட்டக்காரர்கள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய கூடத்தில் மாட்டியிருக்கிறது. மேசையைச் சுற்றி மூன்று கிராமத்து ஆட்கள் சீட்டாடுகிறார்கள். ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிறது. பின்னால் ஒருவர் புகைக்குழாயோடு நிற்கிறார். இரண்டு நொடியில் இவ்வளவையும் பார்த்துவிடலாம். பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேறொன்று தெரியும். யாருமே நம்மைப் பார்க்கவில்லை. ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர்கூடப் பார்த்துக்கொள்வதில்லை; எல்லாருடைய கவனமும் கையிலுள்ள சீட்டின்மீது. சிரிப்பில்லை, சண்டையில்லை, காசு பறிக்கும் பரபரப்பில்லை. மலைப்பாறை போன்ற உடல்கள், கனத்த சட்டை மடிப்புகள். சாதாரண உழவர்களுக்கு, பீடத்தில் நிற்கும் புனிதர்களுக்குரிய கனத்தை இந்த ஓவியர் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

அந்த வகுப்புகளுக்கு வந்தவர்களில் ஹோரஸ் பிப்பின் என்பவரைச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர். முதல் உலகப்போரில் வலது தோளில் குண்டு பாய்ந்து, கையைத் தூக்க முடியாமல் போனவர். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து வரைந்தவர். 1940-இல் ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் சில மாதங்கள் அங்கே படித்தார். கிணற்றடியில் இயேசுவும் சமாரியப் பெண்ணும் இருக்கும் காட்சியை அவர் வரைந்தது அந்த ஆண்டில்தான். யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்துப் பெண்ணிடம் ஆண்டவர் தண்ணீர் கேட்ட காட்சி அது. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிக் குழாயில் தண்ணீர் குடித்த ஊர்கள் பல இருந்த நாட்டில், அதே காலத்தில், அவர் வரைந்தார். அந்தப் படம் இன்று ரெனுவார், செசானோடு பார்ன்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

1951-இல் பார்ன்ஸ் கார் விபத்தில் இறந்தார். ஆரம்ப காலத்திலிருந்தே அவரோடு கற்பித்த வயலெட் டி மாசியா என்ற அம்மையார், 1988-இல் தாம் இறக்கும்வரை அந்தக் கல்வியைக் கட்டிக்காத்தார். பிறகு வழக்குகள், நிதி நெருக்கடி. படங்களை இடம் மாற்றக்கூடாது என்று பார்ன்ஸ் எழுதிவைத்திருந்தும், 2012-இல் தொகுப்பு நகரின் நடுவே புதிய கட்டடத்துக்கு வந்தது. செய்தது சரியா என்று இன்னும் சண்டை நடக்கிறது. வகுப்புகள் மட்டும் நிற்கவில்லை. பெரியவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். பாடங்களை முடிப்பவர்களுக்கு பார்ன்ஸ், டி மாசியா இருவர் பெயராலும் சான்றிதழ் தருகிறார்கள்.

அந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி அதுதானே! படிப்பென்றால் வேலைக்கு, வேலை கிடைத்துவிட்டால், அல்லது ஓய்வு பெற்றுவிட்டால், படிப்பு முடிந்தது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் தாய், ‘இனி எனக்கென்ன படிப்பு’ என்கிறார். அந்தக் கண்கள் நாற்பது ஆண்டுகளாகப் பானையையும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் மட்டுமே பார்த்து வந்தவை. அவற்றுக்கு இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா? முகத்தை மரமாகப் பார்த்துப் பழகிவிட்டால், வீட்டிலிருக்கும் கணவரும் மருமகளும்கூட மரம்தான்.

நமக்கு பிலடெல்பியா தொலைவு. ஆனால் நம் கோவில் சுவரில் பதினான்கு படங்கள் இருக்கின்றன. டைல்ஸ் ஒட்டும்போது கழற்றிப் பரணில் போடாமலிருந்தால், இன்னும் இருக்கும். தவக்காலத்தில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பார்ப்பவை அவை. வரும் ஞாயிறு திருப்பலிக்குக் கால்மணி நேரம் முன்னதாக வாருங்கள். ஐந்தாம் நிலைக்கு முன்னால் நில்லுங்கள். சிரேன் ஊர் சீமோனின் கை சிலுவையின் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது? பாரம் யார் தோளில் அதிகம்? ஆண்டவரின் முகம் அவர் பக்கம் திரும்பியிருக்கிறதா? வெளிச்சம் யார்மேல் விழுகிறது? கூட்டத்தில் யாராவது ஒருவர் சீமோனைப் பார்க்கிறாரா? கூட வந்திருக்கும் பிள்ளையிடமும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.