லோரி எஞ்சினை மாற்றினால் கணினியையும் மாற்ற வேண்டுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிக்-அப், லோரி போன்ற வாகனங்களின் எஞ்சினில் மாற்றம் செய்தால், அந்த வாகனத்திற்கென்றே கணினி நிரலைத் திருத்தி அமைக்க வேண்டுமா என்பது இன்றைய தலைப்பு. பட்டறைகளில் இதற்கு 'டியூனிங்' என்று பெயர். எதை மாற்றினாலும் டியூனிங் கட்டாயம் என்கிறது ஒரு தரப்பு. அது பணம் பறிக்கும் வேலை என்கிறது மறு தரப்பு. இரண்டுமே முழு உண்மை அல்ல. கணினி தானாகவே உணர்ந்து சரிசெய்துகொள்ளும் மாற்றத்திற்கு டியூனிங் தேவையில்லை. கணினியின் கண்ணில் படாத மாற்றத்திற்கு அது கட்டாயம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

இது பொழுதுபோக்குக்காக வண்டி வைத்திருப்போரின் கவலை மட்டுமன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குபவருக்கும், செம்பனைத் தோட்டத்தில் குத்தகை எடுத்தவருக்கும் வண்டிதான் சோறு. "டியூன் பண்ணினால் எண்ணெய் மிச்சம், இழுவையும் கூடும்" என்று ஒருவர் சொன்னால் காது அங்கே போவது இயற்கை. வண்டிக் கடனே இன்னும் கட்டி முடியாத நிலையில் எஞ்சின் போய்விட்டால், மாதத் தவணை மட்டும் நிற்காது.

அந்தக் காலத்து லோரியில் கணினி கிடையாது. டீசல் பம்பில் ஒரு திருகைத் திருப்பினால் எண்ணெய் கூடும், குறையும். அனுபவமுள்ள போர்மேன் சத்தத்தைக் கேட்டும் புகையைப் பார்த்துமே சரிசெய்துவிடுவார். இன்றைய காமன் ரயில் எஞ்சினில் அப்படி முடியாது. 2,000 பார் அளவுக்குச் செல்லும் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கிறது. இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், ஒரு வினாடியில் ஆயிரத்தில் எத்தனை பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினியே முடிவு செய்கிறது. காற்றின் அளவு, டர்போவின் அழுத்தம், தண்ணீரின் வெப்பம், மிதியின் நிலை ஆகியவற்றை உணரிகள் தெரிவிக்கின்றன. கணினி அவற்றைத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுக் கட்டளை இடுகிறது. அந்த அட்டவணை, தொழிற்சாலையில் பொருத்திய சாமான்களுக்காக எழுதப்பட்டது.

இனி ஒவ்வொரு மாற்றமாகப் பார்க்கலாம். காற்று வடிகட்டியை மட்டும் மாற்றினால் டியூனிங் தேவையில்லை. உள்ளே வரும் காற்றை அளவி அளந்து சொல்லிவிடும். மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்குப் பின்னால் உள்ள புகைக்குழாயை மாற்றுவதற்கும், சற்றுப் பெரிய இன்டர்கூலர் பொருத்துவதற்கும் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால், காற்று அளவி உட்கார்ந்திருக்கும் குழாயையே அகலமான குழாயாக மாற்றினால் கதை வேறு. அதே அளவு காற்று அகன்ற குழாயில் மெதுவாகச் செல்லும். அளவி அதைக் குறைவாகக் காட்டும். காற்று குறைந்துவிட்டது என்று நம்பிக் கணினி டீசலைக் கட்டுப்படுத்தும். காசு கொடுத்து வாங்கிய சாமானே இழுவையைக் குறைத்துவிடும்.

டயர் விஷயத்திலும் கணக்கு உண்டு. 265/65 ஆர்17 டயரைக் கழற்றி 285/70 ஆர்17 டயரைப் போட்டால், விட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 110 என்று காட்டும்போது வண்டி முன்பைவிட 7 விழுக்காடு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். சம்மன் வந்த பிறகு வேகமானியைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்கு எஞ்சின் டியூனிங் வேண்டாம், வேகக் கணக்கைத் திருத்தினால் போதும்.

பெரிய இன்ஜெக்டர், பெரிய டர்போ, கூடுதல் அழுத்தம் தரும் பம்ப் ஆகியவற்றைப் பொருத்துவோர் கணினியைத் தொடாமல் விடவே முடியாது. துளை பெரிதாகிவிட்டது என்று கணினிக்கு யார் சொல்வது? அது பழைய நேரக் கணக்கிலேயே திறக்கும், டீசல் அதிகமாகக் கொட்டும். கரும்புகை வரும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும். அலுமினியம் உருகும் வெப்பநிலை 660 பாகை செல்சியஸ். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அடியிலிருந்து பீய்ச்சப்படும் எண்ணெய்தான் அதைக் குளிர வைத்துக் காக்கிறது. வாயுவின் வெப்பம் எல்லை மீறி நீடித்தால், முழுப் பாரத்தோடு மலையேறும் வண்டியின் பிஸ்டன் தாங்காது.

இன்னொரு செய்தியும் உண்டு. இன்றைய பல எஞ்சின்களில், அசல் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினாலே, அதன் தலையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு எண்ணைக் கணினியில் பதிய வேண்டும். ஒரே தொழிற்சாலையில் செய்த இரு இன்ஜெக்டர்களுக்கு இடையிலுள்ள நூலிழை வேறுபாட்டைக் கூடக் கணினிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் வேறு அளவுள்ள இன்ஜெக்டரைச் சொல்லாமல் மாட்டுவது எப்படிச் சரியாகும்?

டியூனிங்கிலும் மூன்று வகை உண்டு. முதலாவது, உணரிக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டும் சிறு பெட்டி. டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக அது பொய் சொல்லும், கணினி அழுத்தத்தைக் கூட்டும். இரண்டாவது, ஒரே மாதிரி வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதி விற்கும் நிரல். சாமான் எதையும் மாற்றாத வண்டிக்கு, கவனமாக எழுதப்பட்டிருந்தால், இது போதுமானதாக இருக்கலாம். மூன்றாவதே தனி டியூனிங். வண்டியை டைனோவில் ஏற்றி, டர்போ அழுத்தம், டீசல் அழுத்தம், வாயு வெப்பம் ஆகியவற்றைப் பதிவு செய்து, திருத்தி, மீண்டும் ஓட்டிப் பார்ப்பது. முக்கியமான சாமான்களை மாற்றிய வண்டிக்கு இந்த மூன்றாவது வகைதான் பொருந்தும்.

நிரலை மட்டும் மாற்றி எவ்வளவு சக்தியையும் கறக்கலாம் என்று நினைப்பதும் தவறு. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 177 குதிரைத் திறனிலிருந்து 2020ஆம் ஆண்டில் 204 ஆக உயர்த்தப்பட்டது. எஞ்சினை உருவாக்கிய நிறுவனமே கணினியை மட்டும் திருத்திவிட்டு நிற்கவில்லை. டர்போவை மாற்றியது, பிஸ்டனை மாற்றியது, சிலிண்டர் கட்டையையும் உறுதியாக்கியது. அவர்களே அவ்வளவு செய்த இடத்தில், அரை மணி நேர வேலையில் அதே பலன் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டுத்தான் வண்டியை விடுவதா?

கடைசியாக, இந்தத் தொழிலின் இருண்ட பக்கம். புதிய டீசல் வாகனங்கள் பலவற்றில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, கணினி குறை சொல்லாமலிருக்க நிரலைத் திருத்துவோர் உண்டு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே சுமார் பத்தாண்டுகளில் 550,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப்களில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அகற்றப்பட்டிருந்தன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. மலேசியாவில் 1996ஆம் ஆண்டு விதிமுறைகள் டீசல் புகைக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று வரம்பு கட்டின. வண்டிக்காரருக்குச் சில ரிங்கிட் மிச்சமாகலாம். பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவரின் நுரையீரல்தான் அதற்கு விலை கொடுக்கிறது. இதற்கு எவ்வளவு திறமையான டியூனிங் செய்தாலும் அது நியாயமாகாது.

ஆகவே, பட்டறைக்குப் போகும் உரிமையாளர் நான்கு கேள்விகள் கேட்கட்டும். மாற்றப்போகும் சாமானைக் கணினி உணருமா, உணராதா? அசல் நிரலின் பிரதி பத்திரமாகக் கையில் கிடைக்குமா? பாரம் ஏற்றிய நிலையில், முன்னும் பின்னும் எடுத்த வெப்ப, அழுத்தப் பதிவுகளைக் காட்ட முடியுமா? விற்பனையாளரின் உத்தரவாதமும், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் இதனால் பாதிக்கப்படுமா?

இந்த நான்குக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் பட்டறையில் கொடுக்கும் பணம் வீண் போகாது. பதில் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே பெரிய சேமிப்பு.