ஒரு தொடையெலும்பு, இரண்டு நேர்க்கோடுகள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீழடி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றவர்கள் நம்மில் பலர். பக்கத்தில்தான் கொந்தகை. அங்கே முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள். அவற்றுள் இரண்டு ஆண் மண்டையோடுகளை வைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முகங்கள் 2025-இல் செய்தித்தாள்களில் வந்தன. முகத்தைப் பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது, "சார், அவர் எவ்வளவு உயரம்?" என்பதுதான்.

இதே கேள்வியைக் காவல்துறையும் கேட்கும். கண்மாய்க் கரையிலோ பாழுங்கிணற்றிலோ எலும்புகள் கிடைத்தால், காணாமல் போனவர்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டுமே! ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன உயரம் என்ற மூன்றும் அதற்குத் தேவை. உயரத்துக்குக் கை, கால்களின் நீண்ட எலும்புகளே ஆதாரம். அவற்றிலும் தொடையெலும்பு முதன்மையானது.

பழைய முறை எளிது. வங்காளப் பகுதி மக்களை ஆராய்ந்து 1924-இல் பான் என்பவர் தந்த எண்களின்படி, ஆணின் தொடையெலும்பு நீளத்தை 3.82-ஆல் பெருக்கினால் உயரம். இது y = mx; ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோடு. 1952-இல் அமெரிக்காவில் டிராட்டர், கிளீசர் இருவரும் போரில் இறந்த வீரர்களின் எலும்புகளை, படையில் சேர்ந்தபோது பதிவான உயரத்தோடு ஒப்பிட்டார்கள். வெள்ளையின ஆண்களுக்கு அவர்கள் தந்தது: உயரம் = 2.38 × தொடையெலும்பு + 61.41 செ.மீ. இது நம் பத்தாம் வகுப்பின் y = mx + c.

44 செ.மீ. எலும்புக்கு முதல் முறை 168, இரண்டாவது 166 என்கிறது. பரவாயில்லை. 50 செ.மீ. எலும்பைப் போட்டுப் பாருங்கள்: 191, 180! பதினொரு சென்டிமீட்டர் வித்தியாசம். இதில் மக்களினத்தின் பங்கும் உண்டு, சூத்திரத்தின் பங்கும் உண்டு. தொடையெலும்பு நீளும் அதே விகிதத்தில் தலையும் உடலும் நீளுவதில்லை. அதைத்தான் அந்த c பிடித்துவைக்கிறது. எங்கோ எடுத்த சூத்திரத்தை இங்கே கிடைத்த எலும்புக்கு அப்படியே போட்டால், தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் மகனையே "இவர் இல்லை" என்று பட்டியலிலிருந்து நீக்கிவிட நேரும். அதனால்தான் விடையோடு ± 3.27 என்றும் எழுதுகிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர்தான் அந்த எல்லைக்குள் வருவார்கள். நம் பிள்ளைகள் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்த ± அவர்களுக்குப் புதிது.

அளப்பதிலும் ஒரு கதை இருக்கிறது. டிராட்டரின் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் அளவுகளில், உட்புறக் கணுக்கால் முனை சேர்க்கப்பட்டதாக எழுத்தில் இருந்தது; உண்மையில் அது விடுபட்டிருந்தது என்று 1995-இல் ஜான்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் முனையையும் சேர்த்துச் சரியாக அளந்தவருக்கு உயரம் இரண்டரை செ.மீ. கூடுதலாக வந்தது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக!

வகுப்பில் செய்ய எலும்பு வேண்டாம். முழங்கையை மடக்கி, அதன் நுனியிலிருந்து மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பு வரை டெய்லர் டேப்பால் அளக்கலாம். சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம், எண் போதும். குள்ளம், நெட்டை என்ற கேலிக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கான சூத்திரத்தை வளரும் பிள்ளைகளுக்குப் போடவும் கூடாது. ஒவ்வொரு வகுப்பும் தன் கோட்டைத் தானே வரையட்டும். ஆறாம் வகுப்பின் கோடும் பத்தாம் வகுப்பின் கோடும் ஒன்றாக வர வாய்ப்பில்லை. ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

தாளும் டேப்பும் மேசையில் இருக்கின்றன. இருவர் இருவராக வாருங்கள், முதலில் நம் கைகளை அளப்போம்.