அவர் ஆடுவது யாருடைய பணத்தில்?

  

 

சில மாதங்களுக்கு முன்னர், ஓர் அஸர் தொழுகையின் பின் வாலிபர் ஒருவர் எனக்காகப் பள்ளிவாசல் தூணருகே காத்திருந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவர். எல்லோரும் சென்ற பின் மெதுவாகக் கேட்டார்:

“ஹஸ்ரத், கசினோ விளையாடுவதை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்களே, அவர்கள் வைப்பது சொந்தக் காசுதானா?”

“ஏன் தம்பி இதைக் கேட்கின்றீர்கள்?” என்றேன்.

“அவர் ஒரே இரவில் நாற்பதாயிரம் டொலர் தோற்றார். தோற்றுவிட்டுச் சிரித்தார். மறுநாளும் வந்து விளையாடினார். நான் தோற்றது எண்பதாயிரம் ரூபாய். மூன்று நாட்களாக எனக்குத் தூக்கமில்லை ஹஸ்ரத்.”

அந்த எண்பதாயிரம், அவருடைய உம்மா மாதம் மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. மகனின் கணினிப் பாடநெறிக்கென ஒதுக்கி, அவருடைய வங்கிக் கணக்கிலேயே போட்டு வைத்திருந்தார்.

நேயர்களே! அந்த வாலிபர் கேட்டது சிறு பிள்ளைக் கேள்வியல்ல. ‘அவரால் சிரிக்க முடிகிறது, என்னால் ஏன் முடியவில்லை?’ என்பதே அக்கேள்வியின் உள்ளிருந்த கேள்வி. அதற்குரிய விடையை இன்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேர்மையாகச் சொல்வதாயின், எல்லா ஒளிபரப்பாளர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தம் கைப்பணத்தையே வைத்து ஆடி அழிந்தவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கிலாந்து நாட்டு ஒளிபரப்பாளர் ஒருவர், தம் ரசிகர்களிடமும் சக ஒளிபரப்பாளர்களிடமும் பொய்க் காரணங்கள் கூறிக் கடன் வாங்கிச் சூதாடியதை அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். அவர் தோற்றது மெய்யான பணம். அதனால்தான் அவரால் சிரிக்க முடியவில்லை.

ஆனால் சிரித்துக்கொண்டே தோற்பவர்களின் நிலை பெரும்பாலும் வேறு. திரையில் தெரியும் அந்தப் பெரிய தொகை பல வழிகளில் அங்கே வந்திருக்கலாம். கசினோ நிறுவனமே விளம்பர ஒப்பந்தத்தின் பேரில் அவருடைய கணக்கை நிரப்பியிருக்கலாம். வென்றாலும் வெளியே எடுக்க முடியாத போனஸ் தொகையாக அது இருக்கலாம். சில வேளைகளில் அது வெறும் ஒத்திகை விளையாட்டாகவும் இருக்கலாம். பல ஸ்லொட் விளையாட்டுக்களை, காசே இல்லாமல் போலித் தொகையுடன் ஆடிப் பார்க்கும் வசதியை அவற்றைத் தயாரிப்போரே வழங்குகின்றனர். இவை எல்லாம் திரையில் ஒரே மாதிரியாகவே தோன்றும். பார்வையாளராகிய உங்களால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய வழியில்லை. அவருடைய வங்கிக் கணக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுழலும் சில்லுகள் மட்டுமே தெரிகின்றன.

அதுமட்டுமன்று. சொந்தப் பணத்தையே ஒருவர் வைத்தாலும், அந்தச் சொந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கசினோ ஒளிபரப்புக்களில் பெயர்பெற்ற அமெரிக்கரான ட்ரெய்ன்ரெக்ஸ் என்பவர், 16 மாதங்களில் தமக்கு 360 மில்லியன் டொலர் கிடைத்ததாக 2022 ஒக்டோபரில் தாமே கூறினார். சூதில் வென்ற பணமன்று அது. சூதாடுவதைக் காட்டியதற்குக் கிடைத்த ஊதியம். அத்தகைய ஊதியம் பெறும் ஒருவர் ஓரிரவில் ஒரு இலட்சம் டொலரைத் தோற்பதும், ஒரு கடைக்காரர் தம் கடைவாசலுக்கு மின்விளக்குப் போடுவதும் ஒன்றே. அது அவருக்குத் தொழிற்செலவு. ஆனால் பார்க்கும் பிள்ளைக்கோ அது துணிச்சலாகத் தெரிகிறது.

இதனினும் வெளிப்படையான சான்று ஒன்றுண்டு. கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் கணினி விளையாட்டில் ஆயுதங்களுக்குரிய அலங்காரங்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. அவற்றைப் பந்தயமாக வைத்துச் சூதாடும் சீஎஸ்கோ லொட்டோ என்ற இணையத்தளத்தில் தாம் வெல்வதை, ட்ரெவர் மார்ட்டின், தொமஸ் கெஸல் என்னும் இரு யூடியூப் பிரபலங்கள் ஆரவாரத்தோடு காட்டி வந்தனர். அந்தத் தளமே அவர்களுடையது என்பது 2016ஆம் ஆண்டு அம்பலமானது. மற்றப் பிரபலங்களுக்கும் 2,500 முதல் 55,000 டொலர் வரை கொடுத்து அத்தளத்தை அவர்கள் விளம்பரப்படுத்தியிருந்தனர் என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2017 செப்டெம்பரில் அறிவித்தது. கடையின் முதலாளியே வாடிக்கையாளர் வேடமிட்டுத் தன் கடைக்குள் நுழைந்து, ‘ஆஹா, என்ன மலிவு!’ என்று கூவிய கதைதான் அது.

இவ்விடயம் எந்த அளவுக்கு முற்றியதென்றால், அமேசன் நிறுவனத்துக்குச் சொந்தமான ட்விட்ச் தளம், ஸ்டேக், ரோல்பிட், டுவெல்பிட்ஸ், ரூபெட் ஆகிய நான்கு சூதாட்டத் தளங்களைப் பெயர் குறிப்பிட்டு, அவற்றின் ஒளிபரப்பை 2022 ஒக்டோபர் 18 முதல் தடைசெய்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கிக் என்னும் புதிய ஒளிபரப்புத் தளம் எழுந்தது. அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஸ்டேக் கசினோவை நிறுவிய எட் கிரேவன், பிஜான் தெஹ்ரானி ஆகியோரே. சூதாட்ட மேசைக்கு உரியவர்களே மேடைக்கும் உரியவர்களானால், அம்மேடையில் ஆடுபவர் யாருக்காக ஆடுகின்றார் என்பதை நான் விளக்கவும் வேண்டுமா?

நேயர்களே! இனி, அவருக்கு ஊதியம் வரும் மற்றொரு வாசலைக் கவனியுங்கள். ஒளிபரப்பின் கீழே ஓர் இணைப்பு, அல்லது ஒரு குறியீடு இருக்கும். ‘இதனூடாகச் சேர்ந்தால் போனஸ் கிடைக்கும்’ என்பார். அவ்வழியாகச் சேர்ந்தவர் தோற்கும் பணத்தில் நூற்றுக்கு 25, 30, 40 என ஒரு பங்கு அழைத்தவருக்குச் செல்வது இத்தொழிலில் வழமையான ஒப்பந்தம். வேறு சில ஒப்பந்தங்களில், ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளையொருவர் 5,000 ரூபாயைத் தோற்கின்றார். நூற்றுக்கு 30 என்றால், அழைத்தவருக்கு 1,500 ரூபாய். அவ்வாறு ஆயிரம் பிள்ளைகள் தோற்றால் 15 இலட்சம் ரூபாய். இப்பொழுது சொல்லுங்கள்: தம் மேசையில் அவர் 10 இலட்சத்தைத் தோற்றாலும் அவர் தோற்றவரா, வென்றவரா? நீங்கள் எவரை உங்கள் நண்பர், உங்கள் அணி என்று எண்ணி ஆரவாரம் செய்கின்றீர்களோ, அவருடைய வருமானம் உங்கள் தோல்வியில் இருக்கிறது.

சூதாட்டத்தின் கணக்கும் ஒளிவுமறைவானதன்று. ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் இருக்கின்றன. ஓர் எண்ணில் வைத்து வென்றால் 35 மடங்கே கொடுப்பார்கள். அந்த இடைவெளி என்றென்றும் கசினோவுக்கே உரியது. ஸ்லொட் விளையாட்டுக்களில் ‘நூற்றுக்கு 96 திரும்பக் கிடைக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு சுற்றுக்குமான கணக்கு. ஒரு சுற்றுக்கு 100 ரூபாய் வீதம், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று ஆடினால் ஒரு மணித்தியாலத்தில் 60,000 ரூபாய் பந்தயம் வைக்கப்படுகிறது. அதில் நூற்றுக்கு நான்கு, அதாவது சராசரியாக 2,400 ரூபாய், ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். ஒருவர் ஓரிரவு வெல்லலாம். ஆனால் தொடர்ந்து ஆடுபவரை இக்கணக்கு விட்டுவைப்பதில்லை. திரையில் ஆடுபவருக்கு மறுநாள் கணக்கு நிரப்பப்படும். உங்களுக்கு நிரப்புவார் யார்?

மார்க்கம் இதனை எவ்வாறு நோக்குகிறது? சூது ஹராம் என்பது நாமனைவரும் அறிந்ததே. மதுவையும் சூதையும் சேர்த்தே அல்லாஹுத்தஆலா அல்மாஇதா அத்தியாயத்தின் 90ஆம், 91ஆம் வசனங்களில் விலக்கியுள்ளான். எனினும் இந்த ஒளிபரப்பைப் பற்றிச் சிந்திக்கும்போது, அரபுக் கல்லூரியில் வியாபாரச் சட்டங்களைப் படித்த காலத்தில் வந்த ஒரு சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது. அது ‘நஜ்ஷ்’.

சந்தையில் ஒரு பொருள் ஏலத்துக்கு வருகிறது. அதை வாங்கும் எண்ணம் துளியும் இல்லாத ஒருவர் விலையை ஏற்றி ஏற்றிக் கேட்கின்றார். அதைக் கண்ட அப்பாவி ஒருவர், ‘இவ்வளவு பெறுமதியான பொருளா!’ என்று மயங்கி, கூடிய விலைக்கு வாங்கி ஏமாறுகின்றார். இதுவே நஜ்ஷ். நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடைசெய்ததாக இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. திருவிழாத் திடல்களில் மூன்று சீட்டு விளையாடுபவனைச் சுற்றி நின்று, முதலில் வைத்து முதலில் வெல்பவன் அவனுடைய ஆளே என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். கசினோவின் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பணம்போல் காட்டி ஆடுபவரும் அதே ஆள்தான். திடல் மாறியிருக்கிறது, அவ்வளவே.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பியிருந்தார் வியாபாரி. மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. வாலிபத் தம்பியே! இந்த ஒளிபரப்பும் ஒரு குவியலே. வெற்றி மேலே பரப்பப்பட்டிருக்கிறது. ஒப்பந்தமும், பங்கும், நிரப்பப்பட்ட கணக்கும் அடியில் ஈரமாகக் கிடக்கின்றன. குவியலினுள் கையை நுழைத்துப் பார்க்கும் சுன்னத்தை இங்கேயும் கடைப்பிடியுங்கள்.

‘அப்படியானால், சொந்தப் பணத்தில் ஆடுபவர் நேர்மையானவரா?’ என்று எவரும் கேட்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாவத்துக்கு அழைக்கின்றார். தன் தோழரைச் சூதாட வருமாறு அழைத்தவர், ஆடாவிட்டாலும், அழைத்ததற்காகவே தர்மம் செய்யட்டும் என்று நபியவர்கள் பணித்திருக்கிறார்கள். ஒரு தோழரை அழைத்ததற்கே அந்நிலை என்றால், இரவு முழுவதும் ஆயிரக்கணக்கானோரை அழைப்பவரின் நிலை என்ன? அவருடைய பணம் மெய்யோ பொய்யோ, நீங்கள் இழக்கும் பணம் மெய்யானது. அதில் மட்டும் எவருக்கும் சந்தேகமில்லை.

கண்ணியத்துக்குரிய பெற்றோர்களே! உங்களுக்கும் சில வார்த்தைகள். பிள்ளை நள்ளிரவில் விழித்திருப்பது, நண்பர்களிடம் சிறு சிறு கடன் வாங்குவது, கைத்தொலைபேசியை விற்றுவிட்டுத் தொலைந்தது என்பது, வங்கிக் கணக்கிலிருந்து சிறு தொகைகள் அடிக்கடி போவது ஆகியவற்றைக் கண்டால் கவனியுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் அடிக்கவோ, ஊரறிய ஏசவோ வேண்டாம். வெட்கத்தில் மறைக்கும் பிள்ளை, விட்டதைப் பிடிக்கலாம் என்று மீண்டும் அங்கேயே போகும். முதலில் முழுத் தொகையையும் சொல்லவையுங்கள். கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். வங்கி அட்டையைச் சிறிது காலம் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையால் விட முடியவில்லையென்றால் வைத்திய ஆலோசனை பெறுவதில் குறைவேதும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கு எவரும் அழைக்கலாம்.

வாலிபர்களே! தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. பாவத்தை உடனே விடுவது, அதற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதிகொள்வது ஆகிய மூன்றும் அதன் நிபந்தனைகள். பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால், உரியவரிடம் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது. இழந்ததைச் சூதிலேயே மீட்டு உம்மாவுக்குக் கொடுப்பேன் என்பது தவ்பாவல்ல. அது அடுத்த பந்தயம்.

தூணருகே நின்ற அந்தத் தம்பியிடமும் இதையே சொன்னேன். “உம்மாவிடம் எப்படிச் சொல்வது ஹஸ்ரத்?” என்றார். “இன்று மஃரிபுக்கு முன் சொல்லுங்கள், தாமதித்தால் பொய் கூடும்” என்றேன். சொல்லியிருக்கின்றார். உம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பின்னர், “சாப்பிட்டாயா?” என்று மட்டும் கேட்டாராம். அவர் இப்பொழுது புடவைக் கடையொன்றில் வேலை செய்கின்றார். மாதம் பத்தாயிரம் ரூபாய் உம்மாவின் கையில் கொடுக்கின்றார். சென்ற வாரம் என்னைக் கண்டபோது, “இன்னும் ஐந்து மாதம் ஹஸ்ரத்” என்றார். அப்பொழுது அவர் சிரித்தார். அது அவருடைய சொந்தச் சிரிப்பு.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் ஹராத்தை விட்டும் பாதுகாப்பாயாக! வியர்வையில் வரும் சிறு தொகையில் பரக்கத்தைத் தருவாயாக! தவறியவர்கள் திரும்பி வர வழிகாட்டுவாயாக! அவர்களை அணைத்துக்கொள்ளும் உள்ளத்தைப் பெற்றோருக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.