பொதுவிடங்களில் ஆபாசப் பாட்டு
(கோயமுத்தூர் ஜில்லா கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கடனும் உரமும் பால் விலையும் பேசக் கூடியிருக்கும் இவ்விடத்தில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். நோம்பிக்கு வரி கொடுப்பவர் நாம். ரேடியோ செட்டின் வாடகையும் அவ்வரியிலிருந்தே போகிறது. நம் பணத்தில் ஒலிக்கும் பாட்டு நம் வீட்டுப் பெண்களை இழித்துரைக்குமாயின், ஏன் என்று கேட்கும் பாத்தியதை நமக்கு உண்டு.

2015-ஆம் வருஷம் டிசம்பரில், நடிகர் சிலம்பரசன் பாடிய 'பீப் பாடல்' கைப்பேசிகளின் வழியே எங்கும் பரவியது. பெண்ணை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை ஊதல் ஒலியால் மறைத்திருந்தார்கள். மறைத்த சொல் எதுவென்று சிறுவருக்கும் தெரிந்திருந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் கொடுத்த புகாரின்மேல் நம் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் போலீஸாரே வழக்குப் பதிவு செய்தார்கள். தாம் அப்பாட்டை வெளியிடவில்லை, அது களவாடப்பட்டது என்பது நடிகரின் வாதம். அது எவ்வாறாயினும், கைப்பேசியில் வந்த பாட்டைக் கேளாமல் விட்டுவிடலாம். கோயில் முன்றிலில் கட்டிய குழாய்க்கும், காலை நேரத் தனியார் பஸ்ஸில் அலறும் பெட்டிக்கும் காதை மூட முடியுமா? கல்லூரிக்குச் செல்லும் பெண், பாட்டு பிடிக்கவில்லை என்று நடுவழியில் இறங்கிவிட முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுவிடத்தில் பிறர்க்குத் தொல்லை உண்டாக ஆபாசப் பாட்டுப் பாடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் குற்றம்; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'பிறர்க்குத் தொல்லை' என்னும் சொற்களை நோக்குங்கள். முகஞ்சுளித்து வீட்டுக்குள் போய்விடுகிறவரால் வழக்கு நிற்காது. தொல்லை பட்டேன் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளோ இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. அவை ஓசையை அளப்பவை, சொல்லை அளப்பவை அல்ல. சொல்லை நோக்கியது சென்னை உயர் நீதிமன்றம். திருவிழா ஆடல் பாடல்களுக்கு அனுமதி தரும்போது இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி மதத்தைத் தொடும் பாட்டு கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. சாதிப் பெருமை பாடி அயல் தெருவாரைக் குத்தும் பாட்டையும் ஆபாசத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். கைகலப்புக்கு வித்து அதுவே.

இதைச் சொல்வதால் உடுக்கைப் பாட்டுக்கும் வள்ளி கும்மிக்கும் நான் பகைவன் அல்லேன். மஞ்சள் நீராட்டில் மாமன் மச்சினன் கேலி செய்யாத ஊர் கொங்கு நாட்டில் உண்டா? அங்கே கேலி செய்கிறவரும் கேட்கிறவரும் முறைக்காரர்கள். ஒருவர் முகம் வாடினால் நின்றுவிடும். குழாய்க்கு எவர் முகமும் தெரியாது.

ஆகையால் போலீஸாரைத் தேடுமுன் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. செட்டுக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் ரசீதிலேயே, எவ்வகைப் பாட்டு கூடாது, எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், யார் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சொல்லும் அதிகாரம் பெற்றவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். மீறினால் மீதி வாடகை கிடையாது என்றும் சேருங்கள். செட்டுக்காரர்கள் பெரும்பாலும் இளைஞர் கேட்டதைப் போடுகிறவர்களே தவிர, பிடிவாதக்காரர் அல்லர். பஸ் விஷயத்தில் பயணி ஒருவர் தனித்துக் கேட்டால் கண்டக்டர் சிரிப்பார்; சங்கத்தின் முத்திரையோடு பஸ் உரிமையாளருக்கு ஒரு கடிதம் போனால் சிரிக்கமாட்டார். அக்கடிதத்தின் நகல் காரியதரிசியிடம் இருக்கிறது. கூட்டம் கலையுமுன் படித்துக் கையொப்பமிடலாம்.